கூலி வரிசையில் கடைசி ஆள்

அந்தச் சனிக்கிழமை ஜவ்வரிசி மில்லின் கிழங்குக் கொட்டகையில் இருந்தவர்கள்: முதலாளி, மேஸ்திரி, கிழங்குத் தோல் உரிக்கும் பெண்கள் அத்தனை பேரும், அவர்களுக்கு முன்னால் நின்று பேசிய பாப்பாயி அத்தை, அவளை ஒட்டினாற்போல் என் அம்மா. வறுப்புக் கொட்டகையில் வேலை செய்த ஆண்கள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். கல்லூரி விடுமுறையில் கூலிக்கு வந்திருந்த நானும் அவர்களில் ஒருவன். இல்லாதவள் ஒருத்திதான். யாருக்காகப் பெண்கள் பேச வந்தார்களோ அவள். கிழங்குக் கத்தி உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டதில் காய்ச்சல் கண்டு, வெண்ணந்தூரில் தன் அறையில் படுத்திருந்தாள்.

அவள் இருந்திருந்தால் அந்தப் பேச்சைத் தொடங்கவே விட்டிருக்க மாட்டாள்.

அவளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. அப்பன் வைத்தது ஒன்று, அவளே வைத்துக்கொண்டது ஒன்று. முதலாவதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. இரண்டாவதை அவளைக் கேட்காமல் அச்சில் போட எனக்கு மனம் வரவில்லை. அம்மா என்னிடம் "அக்கான்னு கூப்புடு" என்று சொல்லியிருந்தாள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஊரில் அவளைக் கூப்பிட வேறு சொற்கள் இருந்தன. அவற்றைச் சத்தமாகவும் சொன்னார்கள், இருமுவது போலவும் சொன்னார்கள்.

நல்ல உயரம். அகன்ற தோள். அதைக் குறைத்துக் காட்ட எப்போதும் கொஞ்சம் கூனியே நடப்பாள். விடிவதற்கு முன்பே முகத்தை மழித்து, பவுடர் போட்டு, முழங்கை வரை கை வைத்த ரவிக்கை அணிந்து, வெளுத்த நூல் சேலையைக் கணுக்கால் தெரியாமல் கட்டிக்கொண்டு வருவாள். ஆண் பிள்ளையாக வளர்ந்து, பல வருஷம் வேட்டி கட்டித் தறி ஓட்டியவள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளும் மறைக்கவில்லை.

அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முகம் முதலில் வருவதில்லை. ஏதாவது ஒரு வரிசையின் வால்தான் வருகிறது. அதில் அவள் நிற்கிறாள். ரேஷன் கடை, பஸ் டிக்கெட், டூரிங் கொட்டகை, எங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வரிசையோ அங்கே பெண்கள் பக்கம் போய் நிற்பாள். யாராவது திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் இவளே சொல்லிவிடுவாள்:

"நான் கடைசில நின்னுக்கறேனுங்க."

பின்னால் ஒருத்தி வந்து சேர்ந்தால் அவளை முன்னால் விட்டுவிடுவாள். இன்னொருத்தி வந்தால் அவளையும். ஒருமுறை மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் நான் ஆண்கள் வரிசையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா பெண்கள் வரிசையின் வாலில், காலையிலிருந்து அதே இடத்தில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் பீப்பாய் தீர்ந்துவிட்டது. காலி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள்.

"அந்தப் பக்கம் நின்னிருந்தா நேரத்தோட கெடச்சிருக்குங்களே அக்கா" என்றேன்.

"கெடச்சிருக்கும் சாமி. எண்ணெய் கெடச்சிருக்கும்" என்றாள்.

நான் படித்தவன் என்பதால் எனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் மில்லுக்கு வருவதற்கு முன் அவள் கேட்காத வேலை இல்லை. மதியம் கிழங்கு மேட்டு நிழலில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு பெண்கள் சாப்பிடும்போது அவள் சொல்லும் கதைகள் எல்லாமே வேலை கேட்டுப் போன கதைகள்தான். அழுகிற கதையைச் சிரிக்கிற மாதிரி சொல்வாள்.

"பள்ளிபாளையத்துல நான் ஏறாத தறிப்பட்டறை இல்லீங்க. ஒரு மொதலாளி நல்ல மனுசன். 'இந்தா, ஓட்டிக் காட்டு'ன்னாரு. ஒரு நாளு முழுக்க ஓட்டுனேன், ஒரு இழை அறுவல. சாயந்தரம் வந்து துணியத் தடவிப் பாத்துப்போட்டு, 'கை நல்லாருக்கு, தலைய வெட்டிக்கிட்டு வந்து சேந்துக்க'ன்னாரு. எனக்குப் பயமாப் போச்சு. அப்பறம்தான் தெரிஞ்சுது, மயிர மட்டும் வெட்டுனாப் போதுமாம்."

பெண்கள் புரையேறச் சிரிப்பார்கள். பாப்பாயி அத்தை அவள் முதுகில் ஒன்று வைப்பாள்.

"சாப்பாட்டுக் கடையில இருந்தியே, அதச் சொல்லு" என்பாள் இன்னொருத்தி.

"அதுங்களா. பின்னாடி சமையக்கட்டுல இருந்த வரைக்கும் கை மணம், கை மணம்னாங்க. ஒரு நாளு ஆளில்லைன்னு முன்னாடி வந்து தண்ணி வெச்சேன். அத்தன பேரும் எலைய மூடிட்டாங்க. பாதிச் சோறு எலையிலயே கெடக்குது. வீணாப் போவுதேன்னு எனக்குச் சங்கடம். கடைக்காரருக்கு வேற சங்கடம்."

இவளை மில்லில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் யாருடைய நல்ல மனமும் அல்ல, கிழங்குதான். மரவள்ளியைப் பிடுங்கி இரண்டு நாளைக்குள் தோல் உரித்து அரைத்தாக வேண்டும். இல்லையென்றால் உள்ளே கறுத்துவிடும், ஜவ்வரிசி வெளுக்காது. அவள் வேலை கேட்டு வந்த அன்று மல்லசமுத்திரம் பக்கமிருந்து லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கிக் கிடந்தது. பெண்களில் பாதிப் பேர் கோயில் நோம்பிக்குப் போயிருந்தார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "பொம்பளைங்க சரின்னா எனக்கொன்னுமில்ல. அவிங்க பக்கத்துல உக்காரப் போறது நானா?" என்றார்.

பெண்கள் சார்பில் பாப்பாயி அத்தைதான் கேட்டாள்.

"ஏனுங்க, உன்னய என்னன்னு கூப்புடறது?"

"எப்புடிக் கூப்புட்டாலும் வாரேனுங்க."

"அது சரி. ஒதுங்கறதுக்கு எங்க போவ?"

கொட்டகைக்குப் பின்னால் தென்னந்தட்டி கட்டிய மறைப்பு ஒன்று பெண்களுக்கென்று இருந்தது. ஆண்களுக்கு மதில் போதும்.

"விடியறதுக்கு முன்னால ஊட்டுலயே போயிட்டு வந்தர்றேன். பொறவு ஊட்டுக்குப் போயித்தான்" என்றாள் இவள்.

சொன்னபடியே செய்தாள். பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. மாசி மாத வெயிலில் ஒரு நாள் கத்தி கையிலிருந்து நழுவ, கிழங்குக் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். பாப்பாயி அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அத்தை சொம்பைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"அட கெரகமே, இதுக்கா? மொதல்ல குடி. குடிச்சுப்போட்டு எங்கூட வா."

கையைப் பிடித்து மறைப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளியே தானே காவல் நின்றாளாம். அன்று இவள் திரும்பி வந்து உட்கார்ந்து உரித்த கிழங்கை இரண்டு பேர் சேர்ந்தும் உரிக்க முடியாது என்று அம்மா சொல்வாள். இதை அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. என்னிடம் சொல்லும் விஷயமாக அவளுக்கு அதுவரை தோன்றவில்லை.

கூலி சனிக்கிழமை சாயந்தரம். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆணுக்கு நாளுக்கு ஐந்து ரூபாய், பெண்ணுக்கு மூன்று. அனுபவமும் வயசும் அதில் கணக்கில்லை. நான் வேலைக்குப் போன முதல் வாரமே, அந்த மில்லில் கைவிரல் தேய்ந்த என் அம்மாவைவிட அதிகம் வாங்கினேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டமே வந்துவிட்டதாகக் கல்லூரியில் சொன்னார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "சொன்ன ஆளையே மொதலாளிகிட்ட வந்து சொல்லச் சொல்லு" என்றாள் அவள்.

அக்கா சேர்ந்த முதல் சனிக்கிழமை மேஸ்திரி அவளை ஆண்கள் பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் பெண்கள் வரிசையின் வாலில் போய் நின்றாள்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, அங்க மூணு, இங்க அஞ்சு. தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"நான் கடைசில நின்னுக்கறேனுங்க."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "கம்மியா வாங்கறதுக்கு வரிசை கட்டற ஆள இன்னிக்குத்தாண்டா பாக்கறேன்."

அன்றிலிருந்து அவளை அவருக்குப் பிடித்துப்போனது. ஏன் பிடிக்காது. ஈர மாவு மூட்டை தூக்க ஆள் குறைந்தால் மேஸ்திரி கிழங்குக் கொட்டகை வாசலில் நின்று, "ஏம்மா, ஒரு கை புடி" என்பார். அவள் கத்தியை வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு போவாள். ஒரு கை என்பார்கள், பொழுது சாயும் வரை தூக்குவாள். மூன்று ரூபாய்க்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்ந்து கிடைத்தது போல அவருக்கு.

வறுப்புக் கொட்டகை ஆண்கள் விடுவார்களா. "தூக்கறதுக்கு ஆம்பள, கூலிக்குப் பொம்பளையா?" என்பான் ஒருவன்.

"தூக்கற கையிக்கி அதெல்லாம் தெரியாதுங்க சாமி. நீங்க அந்தப் பக்கத்து முனையப் புடிங்க" என்பாள் அவள். மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவன் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்குவான்.

இரண்டு சீசன் இப்படியே போனது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. பெண்களுக்குத்தான் போதவில்லை. தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிறவள், தங்கள் தூக்குப்போசியில் கை வைத்துச் சாப்பிடுகிறவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கிய அசதியில் கிழங்கு உரித்துக் கையைக் கிழித்துக்கொண்டு அவள் படுத்தபோது பொறுமை தீர்ந்தது.

"மொதலாளிங்க," என்றாள் பாப்பாயி அத்தை அந்தச் சனிக்கிழமை, "அந்தப் புள்ள எங்களோட கெழங்கும் உரிக்குது, உங்க ஆம்பளைங்களோட மூட்டையும் தூக்குது. கூலி மட்டும் எங்க கூலி. நாயமுங்களா?"

"இத்தன நாளா அது கேக்கலியே?"

"அது கேக்காதுங்க. அதுனாலதான் நாங்க கேக்கறோம்."

"ரெண்டு ரூவா சேத்திக் குடுங்க சாமி" என்றாள் அம்மா. அம்மா முதலாளியின் முகத்துக்கு நேரே பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

முதலாளி ஆண்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சரி. நாயந்தான். திங்கக்கெழமையில இருந்து ஆம்பளக் கூலி."

பெண்கள் முன்பும் கேட்டுப் பார்த்தவர்கள்தான். மறைப்புக்கு ஒரு கதவு கேட்டார்கள், கிடைக்கவில்லை. குடிக்க ஒரு குழாய் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்கள் கேட்டு அந்த மில்லில் கிடைத்தது இது ஒன்றுதான், அதுவும் தங்களுக்காகக் கேட்டதல்ல. சந்தையில் பொரியும் கடலையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நேராக அவள் அறைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன்.

பாப்பாயி அத்தை விஷயத்தைச் சொன்னதும் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். முகம் ஏற்கெனவே காய்ச்சலில் வெளுத்திருந்தது.

"எதுக்குங்க கேட்டீங்க?" என்றாள். "எனக்குப் பத்துதுங்களே."

"பத்துனா என்ன, எச்சா இருந்தா வேண்டாங்குதா? வெச்சுக்க" என்றாள் அத்தை. கூச்சப்படுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பொரியைப் பிரித்து வைத்தார்கள். அவளும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கையில் கட்டோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். மேஸ்திரி வந்தார்.

"அஞ்சு ரூவா ஆளுங்க அந்தப் பக்கம்."

"நான் இங்கயே..."

"மொதலாளிகிட்டப் பேசிக்கம்மா. எங்கிட்ட வேண்டாம்."

அவள் ஆபீஸ் அறை வாசலில் போய் நின்றாள். நாங்கள் எல்லோரும் கேட்கும்படிதான் பேச்சு நடந்தது.

"பழைய கூலியே போதுமுங்க. மூட்டையும் தூக்கறேன், கெழங்கும் உரிக்கறேன்."

"அத்தன பேரு முன்னால வாயால சொல்லிட்டேன். இனிமே மூணு ரூவா குடுத்து உன்னய மூட்டை தூக்க வெச்சா, என்னய என்ன ஆளும்பாங்க?"

"அப்ப அஞ்சு ரூவாய வாங்கிக்கிட்டு எங்க எடத்துலயே..."

"நாளைக்கி இவிங்க எல்லாரும் அஞ்சு கேப்பாங்க."

"மூட்டை தூக்காம, கெழங்கு மட்டும் உரிச்சுக்கறேனுங்க."

"சீசன் முடியப் போவுது. கெழங்குக்கு இருக்கற ஆளே எச்சு." கோபமில்லாமல்தான் சொன்னார். "வறுப்புல வேல இருக்குது, வருசம் பூரா இருக்குது. அடுப்புக்கிட்ட சேலை ஆவாது, புடிச்சுக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒரு வேட்டி, ஒரு சட்டை. வேல நேரத்துக்கு மட்டும். ஊட்டுக்குப் போயி உம்பட இஷ்டம், நான் கேக்கப் போறதில்ல."

அவள் அன்று வேலை செய்யாமல் திரும்பிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். கட்டம் போட்ட பழைய சட்டை, வேட்டி. முடியை வெட்டவில்லை, சுருட்டித் தலையில் துண்டுக்குள் கட்டியிருந்தாள். அம்மாவுக்கு அது யாரென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்தபின் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. குனிந்து கிழங்கையே பார்த்துக்கொண்டு உரித்தாள்.

என் பக்கத்து வறுப்புச் சட்டியில்தான் அவளுக்கு வேலை. கிண்டல் செய்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் செய்யவில்லை. முன்பெல்லாம் வம்பிழுத்தவன்தான் முதலில் இடம் விட்டு, "வாங்கண்ணே, இந்தப் பக்கம் காத்து வரும்" என்றான். மனதாரத்தான் சொன்னான். அவர்களுக்கு ஒரு தப்பு சரியாகிவிட்டது போல இருந்தது. பீடி நீட்டினார்கள். "அண்ணன் சாப்புட்டாச்சா" என்றார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

மதியம் அவர்களோடு உட்கார்ந்தாள். எதுவும் சொல்லிச் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, தொடவில்லை. அடுப்பு அனலில் உதடு வெடித்திருந்தது. நான் சொம்பை நீட்டினேன். "வேண்டாம் சாமி" என்றாள். வறுப்புக் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது மதில்தான்.

வியாழக்கிழமை பெண்கள் மறுபடியும் முதலாளியிடம் போனார்கள். அந்த மில்லில் அப்படி ஒரு கோரிக்கை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்திருக்காது.

"அந்தப் புள்ளைக்குக் கூலியக் கொறச்சுருங்க மொதலாளி" என்றாள் பாப்பாயி அத்தை. "தெரியாமக் கேட்டுப்போட்டோம்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏத்துன்னா ஏத்தோணும், எறக்குன்னா எறக்கோணுமா? கொறைக்கறதுன்னா ஒருத்தருக்கு மட்டும் எப்புடிக் கொறைக்கறது? எல்லாருக்கும் கொறைக்கட்டுமா, சொல்லுங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. என் கல்லூரிக் கட்டணமும் அந்த மூன்று ரூபாயில்தான் இருந்தது. அம்மாதான் முதலில் திரும்பி நடந்தாள். வேகமாக நடந்தாள்.

சனிக்கிழமை கூலி வரிசையில் அக்கா ஆண்கள் பக்கம் நின்றாள். எனக்கு முன்னால் நின்றிருந்தாள். என்னை முன்னால் போகச் சொல்லவில்லை, யாரையும் முன்னால் விடவில்லை. முறை வந்தபோது போய்க் கையை நீட்டினாள். முதலாளி நோட்டை எண்ணி வைத்துவிட்டு, "இப்பத்தான் எல்லாம் சரியா இருக்குது, பாத்தியா?" என்றார். உண்மையாகவே அவருக்குத் திருப்தி.

"சரிங்க" என்றாள்.

எதிர் வரிசையில் நின்ற அம்மா அவள் பார்ப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்களோடு வெளியே போனாள்.

திங்கட்கிழமை வரவில்லை. சாயந்தரம் பெண்கள் அவள் அறைக்குப் போனார்கள். வீட்டுக்காரம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கே போயிருச்சுங்க. வாடகைய ஒழுங்கா வெச்சுப்போட்டுத்தான் போச்சு. நல்ல மாதிரிதானுங்க, ஏனோ இருக்கப் புடிக்கல."

"என்ன கட்டிக்கிட்டுப் போச்சுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"சேலைதான். வேற என்ன கட்டும்?"

கட்டம் போட்ட சட்டையும் வேட்டியும் உள்ளே கொடியில் துவைத்துப் போட்டபடி கிடந்தனவாம்.

படிப்பு முடிந்து எனக்கு ஈரோட்டில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். நேர்காணலுக்கு ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. நின்றேன், கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம் தறிப்பட்டறைகளில் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறேன். உயரமாக, கூனி நடக்கிற, நல்லாத் தறி ஓட்டுகிற ஒருவர் என்பேன். சேலை கட்டியிருப்பார் என்றதும் ஞாபகம் வந்துவிடும்.

"ஆமாங்க, வந்துச்சு ஒண்ணு. வேலையில்லன்னு அனுப்பிட்டோம்" என்றார் ஒருவர்.

இன்னொரு பட்டறையிலும் வந்து கேட்டிருக்கிறாள். "ஆம்பளையா வந்தா வெச்சுக்கறேன்னு சொன்னேன். கும்பிடு போட்டுட்டுப் போயிருச்சு" என்றார் அவர். எந்தப் பக்கம் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்ட இடங்களில் வந்து கேட்டதாகக்கூட யாரும் சொல்லவில்லை.

பாப்பாயி அத்தை இன்னும் அந்த மில்லுக்குத்தான் போகிறாள். அம்மாவை நான் நிறுத்திவிட்டேன். இருவரும் சந்தித்தால் எதை எதையோ பேசுவார்கள், அவளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பேசினால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த வாரம் அவளுக்கு நாங்கள் கேட்டு வாங்கிக் கொடுத்த கூடுதல் கூலி, செவ்வாய் முதல் சனி வரை, பத்து ரூபாய்.